சுகமில்லை என்ற சொல்

எங்கள் வீட்டில் இரத்தம் உறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டிய ஆள் நான்தான் என்று பல வருடங்களாக நம்பியிருந்தேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. பிரஷர் இருக்கிறது. காலையில் நாலு குளிசை, இரவில் மூன்று. அதில் ஒன்று இரத்தம் தடிக்காமல் இருப்பதற்கு. நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவன் ஆதலால் எதைக் கண்டாலும் எண்ணுகிற, அளக்கிற பழக்கம் உண்டு. ஓய்வு பெற்று, அளப்பதற்குக் காணி இல்லாமல் போனதும் அந்தப் பழக்கம் என் உடம்பின் மேல் திரும்பிவிட்டது. நாடியை எண்ணுவேன். கணுக்காலை விரலால் அமத்தி, குழி விழுகிறதா, விழுந்தால் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்ப்பேன். "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையப்பா, கணக்குத்தான் வருத்தம்" என்பாள் மனைவி.

என் நம்பிக்கை எப்படிப் பொய்யானது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டில் புழங்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் காய்ச்சல் என்போம். வயிற்றுக்குத்து என்றால் வயிற்றுக்குத்து. நோயின் பெயர் எதையும் சொல்லாமல், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று மட்டும் மனைவி சொன்னால் அது மற்றது. மாதத்தில் பெண்கள் சாமியறைப் பக்கம் போகாத நாட்கள். அதற்கு 'வீட்டுக்குத் தூரம்' என்று வேறொரு சொல்லும் உண்டு. ஆனால் அது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. ஆண்களுக்கு அறிவிப்பதற்கு ஏற்பட்டது 'சுகமில்லை'. அதைக் கேட்ட ஆண் மேற்கொண்டு ஒன்றும் கேட்கக் கூடாது. விறாந்தைக்குப் போய்ப் பேப்பரை விரிக்க வேண்டும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் அதைத் தவறாமல் செய்துவந்தேன். நல்ல வளர்ப்பு என்றால் அதுதான் என்றும் நினைத்திருந்தேன்.

மகள் எங்களுக்கு ஒருத்தி. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறாள். மருமகன் கட்டாரில் வேலை. வருடத்தில் ஒரு மாதம் வந்து நிற்பார். மற்ற மாதங்களில் மகள் எங்களோடுதான், சுன்னாகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் வீட்டில். பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரே மாதத்தில் மூன்று காரியங்கள் வந்து விழுந்தன. முதலில் கொடிகாமத்தில் மனைவியின் பக்கத்துக் கல்யாணம். அதற்குப் பிறகு மருமகனின் லீவு முடிந்து அவரை விமானம் ஏற்றும் பயணம். அது முடிந்த கையோடு எங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றம். அந்தக் கோயிலில் ஆறாம் திருவிழா எங்களுடைய உபயம், என் தகப்பனார் காலத்திலிருந்து. அன்றைக்குப் பூசையில் தேவாரம் பாடுவது மகள். ஐந்து பாட்டு, ஒவ்வொன்றும் வேறு பண்ணில். அதற்கு முந்திய வருடம் அவளுக்குச் 'சுகமில்லாமல்' போய், ஆரோ ஒரு பெடியன் பாடினான். நாலு பாட்டோடு நிறுத்திவிட்டான். அந்த ஒரு பாட்டுக் குறைந்ததை நான் வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்ததாக மனைவி பிறகு சொன்னாள். இருக்கலாம்.

விமான நிலையத்துக்கு மருமகனோடு மகளும் நானும் போனோம். போகவும் வரவும் இரவு பஸ். புறப்படும்போது மனைவி மகளுக்குச் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்: "தண்ணியைக் கனக்கக் குடியாதை பிள்ளை. பஸ் நிப்பாட்டுற இடங்களிலை போக வழியிராது." நம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பயணம் போகிறார்கள். நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு.

எனக்கு என் காலைப் பற்றிய கவலை. நீண்ட நேரம் இருந்தால் வயதானவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே தேத்தண்ணிக்கு நிறுத்திய இடங்களில் எல்லாம் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். இருக்கையிலும் பாதங்களை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீற்றுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திரும்பி வரும்போது மகள் புருசனை அனுப்பிய துக்கத்தில் யன்னலோடு சாய்ந்து, கால்களை மடித்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வீடு வரும்வரை அசையாமல் கிடந்தாள். நான் அவளை எழுப்பவில்லை. முப்பத்திரண்டு வயதுக் காலைப் பற்றி ஆர் யோசிக்கிறார்கள்?

ஆறாம் திருவிழா நன்றாக நடந்தது. மகள் விரதம் இருந்து, பின்னேரம்வரை ஒன்றும் குடியாமல், ஐந்து பாட்டையும் பாடினாள்.

கொடி இறங்கிய மறுநாள் காலையில் மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "பிள்ளைக்குச் சுகமில்லை. பள்ளிக்கூடம் போகேல்லை" என்றாள். நான் விறாந்தைக்குப் போய்ப் பேப்பரை விரித்தேன். அன்று முழுவதும் மகளின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் காலை, பக்கத்து வளவுப் பெண்மணி படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் நோவெண்ணெய்ப் போத்தல். எங்கள் குறிச்சியில் சுளுக்கு, பிடிப்பு என்று முறிவு நீங்கலான எல்லா நோவுகளுக்கும் எண்ணெய் போட்டு உருவிவிடுவது அவர்தான். கைராசியும் உண்டு. என் தோளை இரண்டு தரம் சுகப்படுத்தியிருக்கிறார். போத்தலோடு அவர் நேராக மகளின் அறைக்குள் போனதைக் கண்டதும் எனக்குக் கணக்கு இடித்தது. அந்தச் சுகமில்லாமைக்கு நோவெண்ணெய் பூசுவதில்லை.

குசினிக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "நோவெண்ணெய் ஏன்?"

"பிள்ளைக்குக் கால் நோகுதாம். வீங்கியும் கிடக்கு. நேற்றே சொன்னனான்தானே, சுகமில்லையெண்டு."

"காலெண்டு சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

அவள் சட்டியில் பழப்புளியும் உப்பும் மஞ்சளும் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். அடிபட்ட இடத்தில் சூட்டோடு தடவும் பத்து. அதற்குள் பக்கத்து வளவுப் பெண்மணி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. உது ரத்தக்கட்டு. நிறத்தைப் பாத்தாலே தெரியுது. இப்ப பத்துப் போடுவம். பின்னேரம் வந்து நல்லா உருவி விட்டனெண்டால் நாளைக்குப் பிள்ளை தேர் இழுக்கும்."

"எங்கை அடிபட்டது?"

"எங்கையாவது பட்டிருக்கும். கோயிலிலை என்ன சனம்."

"எங்கையும் படேல்லை அப்பா" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"அடிபடாமல் எப்பிடி ரத்தம் கட்டும்?"

பக்கத்து வளவுப் பெண்மணி அறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். "உன்ரை அப்பருக்கு எல்லாத்துக்கும் கணக்குக் காட்டவேணும் பிள்ளை. எந்தத் திகதி, எத்தினை மணிக்கு, ஆற்றை முழங்கை பட்டதெண்டு எழுதிக் குடு."

மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பேச்சில் இரத்தக்கட்டு என்றால் அடிபட்டுக் கன்றிப்போனது. காரணம் இல்லாத இரத்தக்கட்டை நான் கேள்விப்பட்டதில்லை. தையல் மெசின் லாச்சியிலிருந்து நாடாவை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். வளர்ந்த மகளின் காலை நான் அளக்க முடியாது. ஆகவே அறை வாசலில் தொங்கிய சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன்.

"முழங்காலுக்கு எவ்வளவு கீழை பிடிச்சிருக்கிறீர்?"

"கீழைதான் பிடிச்சிருக்கிறன்."

"எவ்வளவு கீழை? மற்றக் காலிலையும் அதே இடத்திலை பிடிச்சால்தான் அளவு."

"அப்பா, இது காணியில்லை" என்றாள் மகள்.

"எல்லைக்கல்லும் நடப்போறாரோ?" இது பக்கத்து வளவுப் பெண்மணி.

"வலது முப்பத்திநாலு" என்றாள் மனைவி. பிறகு நாடாவைக் கழற்றி மாற்றிப் போடும் சத்தம். "இடது..." என்று நிறுத்தினாள். "முப்பத்தெட்டு."

"திருப்பி அளவும்."

"முப்பத்தெட்டுத்தான்."

"ஒரு கால் அம்மாவின்ரை, மற்றது அப்பாவின்ரை" என்று மகள் பகிடி விட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை. சிரிப்பை முடிக்க அவளுக்கு மூச்சுக் காணவில்லை. சீலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அது வடிவாகக் கேட்டது. ஐந்து பாட்டை ஒரே நிலையில் நின்று பாடுகிற பிள்ளை.

"மூச்சு எப்ப தொடக்கம் இப்பிடி?"

"நேற்றுப் பின்னேரம். விரதக் களையாக்கும்."

"ஒருத்தரும் காலைத் தொடாதேங்கோ" என்றேன். "நான் ஓட்டோ கூப்பிடுறன்."

"இந்த மனிசன் வாய்வுக்கே மூண்டு தரம் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினது" என்று மனைவி பக்கத்து வளவுப் பெண்மணியிடம் சொன்னாள். அது உண்மை. மூன்று தரமும் நெஞ்சுக்குத்து என்று நினைத்து ஓடினேன். மூன்று தரமும் ஏப்பம் விட்டு வந்தேன். ஆகவே என் பயத்துக்கு வீட்டில் பெறுமதி குறைவு. பக்கத்து வளவுப் பெண்மணி போத்தலை மூடினார். அவருக்கு மனம் நொந்தது தெரிந்தது. எனக்கு அப்போது அதைப் பார்க்க நேரமில்லை. பத்து அடுப்பிலேயே கிடந்து வற்றியது.

பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். மகளைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். காலைப் பார்த்தார், நாடி பிடித்தார், விரலில் ஒரு கிளிப்பைக் கொழுவி இலக்கம் பார்த்தார். பிறகு கேள்விகள். அண்மையில் நீண்ட பயணம் போனீர்களா? நான் சொன்னேன்: போக எவ்வளவு, வர எவ்வளவு, எத்தனை இடத்தில் நிறுத்தினார்கள், மகள் எத்தனை இடத்தில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாரா? அதற்கும் நான்தான் சொன்னேன். சத்திரசிகிச்சை ஏதும்? இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்க வாய்ப்பு? மனைவி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஏதும் குளிசை பாவிக்கிறீங்களோ?"

"இல்லை டொக்டர். அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. குளிசை எல்லாம் எனக்குத்தான்" என்று சொல்லி, சேட்டுப் பையிலிருந்து என் மருந்துத் துண்டை எடுத்து நீட்டினேன்.

டொக்டர் அதை வாங்கவில்லை. மகளைப் பார்த்தார். மகள் தாயைப் பார்த்தாள். தாய் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"ஐயா, கொஞ்சம் வெளியிலை இருக்கிறீங்களோ?"

"நான் தகப்பன்."

"அதுக்காகத்தான் ஐயா."

வெளியே வாங்கில் இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் உள்ள எழுத்துப் பிழைகளை எண்ண முயன்றேன், முடியவில்லை. ஒட்டுக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நடுவில் ஒரு சீலைதான். மகளின் குரல் தாழ்ந்து, டொக்டரின் குரல் தெளிவாக வந்தது. "தள்ளிப்போடுற குளிசையோ? எத்தினை நாள்? கலியாணத்திலையிருந்து திருவிழா முடியுமட்டுமோ?"

அப்படி ஒரு குளிசை இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பாமசிக்கு நான் மாதம் மாதம் போகிறவன். கல்யாணக் காலத்திலும் கோயில் காலத்திலும் தாய்மார் வந்து, பெயர் சொல்லாமல், "அந்தத் தள்ளிப்போடுற குளிசை" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்போது பல்பசைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு விசேசத்துக்குச் சில நாள் எடுப்பது. என் மகளுக்கு அந்த மாதம் விசேசத்துக்கு மேல் விசேசம். தாயும் மகளும் கூடிப் பேசி, நிறுத்தாமல் எடுத்திருக்கிறார்கள். ஒரு வைத்தியரிடமும் கேட்கவில்லை. ஐந்தாவது பாட்டுக் குறையக் கூடாது அல்லவா.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஐயா, மகளுக்குக் காலிலை ரத்தக்கட்டு எண்டு நினைக்கிறன்" என்றார் டொக்டர்.

"அதைத்தானே அந்த மனிசியும் சொன்னது" என்றாள் மனைவி.

"எந்த மனிசி?"

மனைவி எண்ணெயையும் பத்தையும் சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். "உருவினவையோ?"

"இல்லை. இவர் விடேல்லை."

"நல்லது. அம்மா, சொல் ஒண்டுதான், ஆனால் சாமான் வேறை. அடிபட்டு வாறது, குழாய் உடைஞ்சு தோலுக்குக் கீழை கசிஞ்ச ரத்தம். இது உடையாத குழாய்க்குள்ளையே, ஓடவேண்டிய ரத்தம் உறைஞ்சு நிக்கிறது. உதைப் போட்டு உருவினால் ஒரு துண்டு கழண்டு நேரை நெஞ்சுக்குப் போகலாம். இப்பவே கொஞ்சம் போயிருக்கோ எண்டு பாக்கவேணும். மூச்சு வாங்குதெல்லோ."

மனைவியின் கை என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது.

"இந்த வயசிலையோ டொக்டர்?" என்று கேட்டேன். "எனக்கெண்டால் சரி."

"வயசு ஒரு காரணம், அவ்வளவுதான் ஐயா. கன நேரம் அசையாமல் இருந்தது, தண்ணி குடியாதது, ஹோர்மோன் குளிசை, விரதம். ஒவ்வொண்டும் தனியத் தனிய வந்தால் கன பேருக்கு ஒண்டும் நடவாது. ஒண்டுக்கு மேலை ஒண்டு வரேக்கைதான் கரைச்சல். இன்னொண்டு கேக்கவேணும். உங்கடை குடும்பத்திலை, உங்கடை பக்கமோ அம்மான்ரை பக்கமோ, ஆருக்கும் இளம் வயசிலை கால் வீங்கி, இல்லாட்டில் திடீரெண்டு மூச்சு அடைச்சு...?"

மனைவி தன் பக்கத்தை மனத்துக்குள் எண்ணிப் பார்த்து இல்லை என்றாள். நானும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். என்னிலும் மூன்று வயது இளையவள். முதற் பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோனாள். பிள்ளை பெற்றவள் எழும்பக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்று கதவு யன்னலைச் சாத்திப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். தாகத்துக்கும் அளந்துதான் தண்ணீர். ஒருநாள் எழும்பிக் கதவடிக்கு வந்தாள், விழுந்தாள், போய்விட்டாள். ஊரில் 'காற்றுப் பட்டுவிட்டது' என்றார்கள். எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லே நிலைத்தது. ஆனால் அதற்கு முதல்நாள் அவள் கால் ஒன்று வீங்கி, பளபளவென்று இருந்ததை நான் கண்டேன். போர்வைக்கு வெளியே ஒரு கால். மற்றதைவிடப் பெரிது. அப்போது ஒருவரும் அளக்கவில்லை.

இவ்வளவையும் டொக்டருக்குச் சொன்னேன். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் மனைவிக்கு அந்தக் காலைப் பற்றிச் சொன்னதில்லை. மறைத்ததல்ல, 'காற்று' என்ற சொல்லுக்குள் கால் வரவில்லை.

"அது இதுதானோ டொக்டர்?"

"இப்ப சொல்லேலாது ஐயா. ஆனால் சொன்னது நல்லது" என்று எழுதிக்கொண்டார். பிறகு மகளிடம் திரும்பி, "நீங்கள் குளிசையைச் சொன்னதும் நல்லது" என்றார்.

மகள் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். நான் அந்தக் குளிசையைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலும். "தண்ணி வேணுமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

அன்றே ஸ்கான் எடுத்தார்கள். இடது கெண்டைக்காலிலிருந்து தொடை வரைக்கும் கட்டி. இன்னொரு படத்தில், வலது நுரையீரலில் ஒரு சிறு துண்டு. சிறிது என்றார்கள். எவ்வளவு சிறிது என்று கேட்டேன். டொக்டர் சுண்டு விரல் நகத்தைக் காட்டினார். வயிற்றில் ஊசி போடத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் மூன்று நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. மருமகன் கட்டாரிலிருந்து மணிக்கொரு தரம் போன் எடுப்பார். பார்க்கும் நேரத்தில் நான் கட்டிலருகே இருந்து மகளின் மூச்சை எண்ணுவேன். அவளுக்குத் தெரியும். ஒருநாள் கண்ணை மூடியபடியே, "எத்தினை அப்பா?" என்று கேட்டாள். "பதினெட்டு" என்றேன். "நேற்று?" "இருபத்தாறு." "அப்ப பாஸ்" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி விடுதியில் இதே வருத்தத்தோடு இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருத்தி, சிசேரியன் செய்து இரண்டு வாரம் ஆன இளம் தாய். மற்றவள், மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்து மாக்கட்டோடு கிடந்த சாவகச்சேரிப் பிள்ளை, பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறவள். மூவரின் வயதையும் கூட்டினால் என் வயதைவிடச் சற்றுத்தான் கூட. கிழவர்களுடைய வருத்தம் என்று நான் எனக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, என்னைத் தாண்டிப் போய் இந்தப் பிள்ளைகளில் இறங்கியிருந்தது.

பக்கத்து வளவுப் பெண்மணி சூப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். விடுதிக்குள் வந்ததுமே, "நான் சொன்னனான் ரத்தக்கட்டெண்டு. சொன்னனானோ இல்லையோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். போகும்போது என்னோடு படி இறங்கினார். கீழ்ப்படியில் நின்று, "அண்ணை, நான் உருவியிருந்தால்?" என்று கேட்டார்.

"உருவேல்லைத்தானே."

"உருவியிருந்தால்?"

இப்போது ஆர் கால் வீங்கி வந்தாலும் அவர் முதற் கேள்வி, "எங்கை அடிபட்டது?" 'எங்கையும் படேல்லை' என்று சொன்னால் நோவெண்ணெய்ப் போத்தலைத் திறக்கமாட்டார். அவர் வீட்டு அலுமாரியில் ஒரு தையல் நாடாவும் வந்திருக்கிறது. என்னிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை, நான் கண்டேன்.

பத்தாம் நாள் மகள் வீட்டுக்கு வந்தாள். இரத்தத்தை இளக்கும் குளிசை ஆறு மாதத்துக்கு. முதன்முறையாக வீட்டில் எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரியான குளிசைப் பெட்டி, கிழமை நாள் எழுதியது. வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது டொக்டர் சொன்னவை: அந்தத் தள்ளிப்போடும் குளிசை இனிக் கேட்காமல் தொடக்கூடாது, பயணம் போனால் எழும்பி நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பிள்ளை உண்டானால் முதல் மாதமே வந்து காட்ட வேண்டும்.

"அப்ப பிள்ளை பெறலாமோ?" என்று மனைவி கேட்டாள். வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன் அம்மா பெறேலாது? கவனமாப் பாத்துக்கொண்டு, தேவையெண்டால் ஊசி போட்டுக்கொண்டு பெறலாம். நீங்கள் நேரத்துக்குச் சொன்னால் காணும்."

சொன்னால் காணும். அது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அந்த டொக்டருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த வருடம் திருவிழா வந்தது. மகள் குளிசையை முடித்து, பள்ளிக்கூடம் போய், பழையபடி பாடிக்கொண்டிருந்தாள். ஆறாம் திருவிழாக் காலையில் நான் பூக்கூடைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். மனைவி வந்து குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குச் சுகமில்லை" என்றாள்.

கூடை கையிலிருந்து விழுந்தது. "எந்தக் கால்?"

"காலில்லையப்பா. மற்றது."

"மற்றதெண்டால் மற்றதெண்டு சொல்லுமன்." பூவைப் பொறுக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கோயிலில் முதலில் கேட்டது பக்கத்து வளவுப் பெண்மணி. "பிள்ளை எங்கை அண்ணை? பாட்டுக்கு நேரமாகுது."

"சுகமில்லை" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

அவர் முகம் கறுத்துப்போனது. "திரும்பவும் வீங்கிட்டுதோ? அளந்தனீங்களோ?" அவர் குரல் கேட்டு இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் மகனிடம் வான் கொண்டுவரச் சொல்ல வாயெடுத்தார். இத்தனை காலமும் கேள்வியை மூடிவைத்த சொல், இப்போது ஊரைக் கூட்டிவிடும் போலிருந்தது. வேறு சொல் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எழுபத்தேழு வயதில் நான் அதை ஒருமுறையேனும் உச்சரித்ததில்லை.

"அவள் நல்ல சுகமாய் இருக்கிறாள்" என்றேன். "வீட்டுக்குத் தூரம். அவ்வளவுதான்."

பக்கத்து வளவுப் பெண்மணி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "அப்பாடா, அதுதானே" என்றார். சிரிப்பை மூடினாரா, அழுகையை மூடினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோயில் மனேச்சர் கேட்டார். மேளக்காரர் கேட்டார். ஐயர், தீபத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "தங்கச்சி பாட வரேல்லையோ?" என்று கேட்டார். எல்லோருக்கும் அதே மறுமொழியைச் சொன்னேன். ஐயருக்குச் சொல்லும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். போன வருடத்துக்கு முந்திய வருடம் பாடிய அதே பெடியன் பாடினான்.

பூசை முடிந்து வீட்டுக்குப் போனேன். மகள் பின் விறாந்தையில், பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரோடு, பிள்ளைகளின் சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஐஞ்சும் பாடினவனோ?"

"நாலு."

"ஐயோ பாவம் அப்பா நீங்கள்" என்றாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆரும் என்னைக் கேட்டவையோ?" என்றாள்.

"கேட்டவை."

"என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைச் சொன்னன்."

அவள் நிமிர்ந்தாள். "எந்தச் சொல்லாலை?"

நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவளுக்குச் சொல்வதுதான் ஐயருக்குச் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. அவள் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் வாசலில் நின்று, அந்தச் சிரிப்பு முழுவதும் முடியும்வரை கேட்டேன். இடையில் எங்கும் மூச்சு அறவில்லை.

"ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டியளோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "ஏழு பேருக்குத்தான்."